இறங்கிய ஈறும் ஒட்டுச் சிகிச்சையும்

கிராம சபைக் கூட்டங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் குடிநீர், தெருவிளக்கு, சாலை, வீட்டு வரி என்ற எல்லைக்குள் அடங்கிவிடும். சென்ற ஆண்டு மே மாதம் முதல் நாளன்று, தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் நடந்த கூட்டத்தில், இவற்றுள் அடங்காத விண்ணப்பம் ஒன்று நம்மிடம் வந்தது. தீர்மானங்கள் நிறைவேறிப் பதிவேட்டில் கையெழுத்து ஆகிக்கொண்டிருந்த வேளையில், சங்கு குளிக்கும் தொழிலாளி ஒருவர் தம் மனைவியுடன் வந்து நின்றார். வயது 34. "ஐயா, கீழ்ப்பல்லு ரெண்டும் நீண்டுகிட்டே வருது. பிடுங்கிப் போடச் சொல்லுதாங்க. பிடுங்கிட்டா நான் கடலுக்குப் போக முடியாது. இதுக்கு வேற வழி இருக்கா?" என்று கேட்டார்.

பல்லைப் பிடுங்கினால் கடலுக்குப் போவதற்கு என்ன தடை என்று வியப்போர் இருக்கலாம். முற்காலத்தில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கினார்கள். தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்று சங்கு குளிப்பவர்களில் பலர் படகிலுள்ள எந்திரத்திலிருந்து வரும் காற்றுக் குழாயின் முனையை முன்பற்களால் கவ்விக்கொண்டு அடித்தரையில் வேலை செய்கிறார்கள். (இம்முறையிலுள்ள ஆபத்துகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) முன்பல் ஆடினாலும், குழாய்க் காற்றுப் பட்டுக் கூசினாலும், அவர்களுக்கு அன்றையக் கூலி இல்லை. ஆகவே இக்கேள்வி அந்தக் குடும்பத்திற்கு அடுப்பெரியும் கேள்வியாகும்.

பல் நீள்கிறது என்பது நம் பக்கத்துப் பேச்சு வழக்கு. வளர்ந்த மனிதனுடைய பல் அவ்வாறு நீள்வதில்லை. ஈறுதான் பின்வாங்குகிறது. மழைநீர் அரித்த வரப்பின்மேல் நிற்கும் பனையைப் பாருங்கள். அதன் வேர்கள் வெளியே தெரிவதைக் கண்டு பனை வளர்ந்துவிட்டது என்று எவரும் கூறுவதில்லை. மண் போய்விட்டது என்றே கூறுவோம். ஈறு விஷயமும் அத்தகையதே. பல்லின் மேற்பகுதிக்கு எனாமல் என்னும் மிக உறுதியான கவசம் இருக்கிறது. வேருக்கு அக்கவசம் இல்லை. அதன்மேல் இருப்பது மெல்லிய பூச்சு மட்டுமே. அதுவும் எளிதில் தேய்ந்துவிடும். அதற்கு அடியிலுள்ள பகுதியில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஏராளம். குளிர்ந்த நீரோ காற்றோ பட்டவுடன் சுரீரென்று கூசுவது இக்குழல்களின் வழியாகத்தான். நாளடைவில் அவ்விடத்தில் சொத்தையும் எளிதில் பற்றும்.

ஈறு இறங்குவதற்கான காரணங்கள் பல. ஆயினும் நம் வட்டாரத்தில் பெரும்பாலும் நாம் காண்பவை இரண்டு. ஒன்று, பல் துலக்குவதில் அசட்டை. மற்றொன்று, அதில் மிதமிஞ்சிய ஆர்வம்.

முதலாவதை யாவரும் அறிவர். பல்லின்மேல் அன்றாடம் படியும் கிருமிப் படலத்தை அகற்றாவிடில், எச்சிலிலுள்ள சுண்ணச்சத்து அதனோடு கூடி இறுகிக் காரையாகிறது. காரையின் ஓரத்தில் ஈறு வீங்கும். தொட்டால் இரத்தம் கசியும். கவனியாமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். எலும்பு கரைந்த இடத்தில் ஈறும் இறங்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈற்றில் இரத்தக் கசிவு குறைவாகக் காணும். அதனால் நோய் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். கன்னத்தில் புகையிலை அடக்கும் பழக்கமுடையவர்களுக்கு, எந்த இடத்தில் அடக்குகிறார்களோ அந்த இடத்து ஈறே முதலில் இறங்குவதைக் கண்ணாடியில் தாமே பார்த்துக்கொள்ளலாம். அங்கு வெண்படலமோ ஆறாத புண்ணோ இருந்தால் ஈற்றைப் பற்றிய யோசனையைத் தள்ளிவைத்து, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும்.

இரண்டாவது காரணம்தான் பலருக்குப் புதிதாகத் தோன்றும். உப்பளத்துத் தொழிலாளர்களில் சிலர் அளத்து உப்பைப் பரலாகவே எடுத்து விரலால் அழுத்தித் தேய்க்கிறார்கள். உள்நாட்டு ஊர்களில் செங்கல் தூளும் உமிக்கரியும் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பிரஷ் வைத்திருப்பவர்களோ முரட்டு நார் கொண்டதாகத் தேர்ந்தெடுத்து, ரம்பம் அறுப்பதுபோல் குறுக்காக இழுக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுத்தம் என்று எண்ணி இவர்கள் ஈற்றையே தேய்த்துவிடுகிறார்கள். இவ்வகையில் நாமும் குற்றவாளியே. இருபது ஆண்டுகள் முரட்டு பிரஷை அழுத்திப் பிடித்ததன் பயனாக, நம் இடப்பக்கக் கோரைப்பல்லின் வேர் வெளியே தெரிகிறது. பிறருக்குச் சுகாதாரம் போதிக்கும் உத்தியோகத்தில் இருந்துகொண்டே இதைச் சம்பாதித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேப்பங்குச்சி, ஆலங்குச்சி ஆகியவற்றை நாம் குறை கூறவில்லை. நுனியை நன்றாக மென்று மிருதுவாக்கி, ஈற்றிலிருந்து பல்லை நோக்கி மெல்லத் துலக்கினால் கெடுதல் இல்லை. குத்துவதும் குறுக்கே இழுப்பதுமே கெடுதல். பிறவியிலேயே ஈறு மெல்லியதாக அமைந்தவர்களுக்கும், பல் வரிசையினின்று முன்னே தள்ளி நிற்பவர்களுக்கும் இச்சேதம் விரைவில் வரும்.

இவ்வாறு இறங்கிய ஈறு மறுபடி தானாக ஏறுவதில்லை. காரையை எடுத்தால் வீக்கம் வற்றும், இரத்தம் நிற்கும், மேலும் இறங்குவது தடைப்படும். ஆனால் போன ஈறு திரும்பாது. எண்ணெய் கொப்பளிப்பதாலோ, எந்தப் பற்பொடியாலோ, ஈற்றை விரலால் பிசைவதாலோ அது வளர்ந்துவிடும் என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டாம். வேர் மூடப்பட வேண்டுமானால் வேறிடத்துத் திசுவைக் கொண்டுவந்து அங்கே பொருத்த வேண்டும். இதுவே ஈறு ஒட்டுச் சிகிச்சை.

ஒட்டு என்ற சொல்லை விவசாயப் பெருமக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாவில் நெருக்கு ஒட்டுக் கட்டும்போது தாய்மரத்தின் கிளையை உடனே வெட்டிவிடுவதில்லை. நாற்றையும் கிளையையும் பக்கவாட்டில் சீவிச் சேர்த்துக் கட்டி, இரண்டும் கூடிய பின்னரே கிளையைத் தாயிடமிருந்து அறுக்கிறோம். அதுவரை அக்கிளைக்குத் தாய்மரமே உணவளிக்கிறது. மொட்டுக் கட்டுவதிலோ, மொட்டை முழுவதும் பெயர்த்தெடுத்து வேறொரு செடியின் பட்டைக்குள் செருகுகிறோம். அது காயுமுன் புதுச்செடியின் சாறு அதனைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஈறு ஒட்டுவதிலும் இவ்விரு வழிகளும் உண்டு.

மனித உடம்பில் முதல் வழியைக் கையாள்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. நெற்றித் தோலைக் கொண்டு மூக்கைச் சீரமைக்கும் கலை இங்கே நெடுங்காலம் இருந்து வந்தது. ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் 1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் திப்புவின் வீரர்களிடம் சிக்கி மூக்கை இழந்தார். பின்னர்ப் பூனா அருகே நாட்டு வைத்தியர் ஒருவர், அவர் நெற்றித் தோலை முழுவதும் அறுத்துவிடாமல், ஒரு முனை ஒட்டியிருக்கும்படியே கீழே திருப்பி மூக்காக அமைத்தார். இச்செய்தி 1794-ல் இலண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளிவந்தது. அதனைப் படித்து ஆராய்ந்த கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-ல் தம் நாட்டிலேயே அதைச் செய்து காட்டினார். ஒரு வண்டிக்காரரின் மூக்கு மேல்நாட்டு மருத்துவத்திற்குப் பாடமாயிற்று. அதே கொள்கையைப் பல்லுக்குக் கொண்டுவந்து, பக்கத்துப் பல்லின் ஈற்றை ஒரு புறம் ஒட்டியபடியே நகர்த்தி வேரை மூடும் முறையை 1956-ல் அமெரிக்காவில் கிரூப், வாரன் என்னும் இருவர் வெளியிட்டனர்.

பக்கத்து ஈறும் மெலிந்திருந்தால் நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை. அப்போது இரண்டாம் வழி. வாயின் மேலண்ணத்தில், கடைவாய்ப் பற்களை ஒட்டிய பகுதியில் திசு தடிப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். அங்கிருந்து ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டை எடுத்து, வேண்டிய இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டில் பியோர்ன் என்பவர் 1963-ல் இம்முறையை எழுதினார். இதில் அண்ணத்தில் திறந்த புண் உண்டாவதால் வலி சற்று அதிகம். 1985-ல் அமெரிக்காவில் லாங்கர் என்ற பெயருடைய இருவர் ஒரு திருத்தம் செய்தனர். அண்ணத்தின் மேல்தோலைத் திறந்து, அடியிலுள்ள திசுவை மட்டும் எடுத்துக்கொண்டு, தோலைப் பழையபடி மூடித் தைத்துவிடுவது. எடுத்த திசுவை வேரின்மேல் வைத்து, அதன்மேல் அவ்விடத்து ஈற்றையே இழுத்துப் போர்த்துவது. இருபுறமிருந்தும் இரத்தம் கிடைப்பதால் ஒட்டு நன்றாகப் பிடிக்கிறது. இன்று வேரை மூடுவதற்குப் பெரிதும் கையாளப்படுவது இதுவே.

கடற்கரை ஊராட்சியினருக்கு இவ்விடத்தில் மற்றொரு ஒட்டு நினைவுக்கு வரக்கூடும். தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், 1973-ஆம் ஆண்டு கே. அழகர்சாமி அவர்கள் முத்துச்சிப்பியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் அது முதல் வெற்றி. அதன் சூட்சுமமும் ஒட்டுதான். ஒரு சிப்பியின் ஓட்டுக்கு உட்புறம் போர்த்தியிருக்கும் மெல்லிய சதையில் சில மில்லிமீட்டர் அளவு துண்டு வெட்டி, ஒரு சிறு மணியுடன் சேர்த்து வேறொரு சிப்பியின் உடலுக்குள் வைக்கிறார்கள். பழைய இடத்தில் ஓட்டுக்குப் பளபளப்பைச் சுரந்து வந்த சதை, புதிய இடத்திலும் தன் தொழிலை மறப்பதில்லை. மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, அதே பளபளப்பை மணியின்மேல் சுரக்கிறது, அதுவே முத்து. அண்ணத்திலிருந்து வந்த திசுவும் அப்படியே. இடம் மாறினாலும் குணம் மாறுவதில்லை. பிரஷ் உரசுவதையும் உணவு மோதுவதையும் தாங்கும் அண்ணத்தின் உறுதி, மெலிந்த ஈற்றின் இடத்திற்கு வந்து சேருகிறது. மேல்தோலோடு எடுத்து ஒட்டிய துண்டு சில வேளைகளில் சுற்றியுள்ள ஈற்றைவிட வெளிறி, ஒட்டுத்துணிபோல் தனித்துத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

சிகிச்சை நடக்கும் விதம் அச்சம் தரத்தக்கதன்று. ஊசியால் வாயின் அப்பகுதியை மரக்கச் செய்கிறார்கள். வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒட்டை வைத்து, மெல்லிய நூலால் தைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. அன்றே வீடு திரும்பலாம். அதன் பின்பே நோயாளியின் பங்கு தொடங்குகிறது. முதல் இரண்டு நாட்களில் ஒட்டிய துண்டுக்கு என்று இரத்தக் குழாய் ஏதும் இல்லை. அடியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் கசியும் நீரே அதன் உணவு. மூன்றாம் நாளளவில் நுண்ணிய குழாய்கள் அதனுள் புகத் தொடங்கும். பத்து நாட்களில் இரத்த ஓட்டம் நிலைபெறும். இதற்குள் ஒட்டு அசைந்தால் புகுந்த குழாய்கள் அறுந்து, துண்டு செத்துவிடும். கட்டிய மொட்டைத் தினந்தோறும் அவிழ்த்துப் பார்க்கும் தோட்டக்காரனுக்கு மொட்டுப் பிடிப்பதில்லை அல்லவா? அதுபோல் உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்ப்பதும், உறவினருக்குக் காட்டுவதும் கூடாது. வேகமாகக் கொப்பளித்துத் துப்பக் கூடாது. இரண்டு மூன்று வாரம் அவ்விடத்தில் பிரஷ் படக் கூடாது. மருத்துவர் தரும் மருந்து நீரை வாயில் வைத்திருந்து மெல்ல வழியவிட வேண்டும். ஆறிய கஞ்சி, தயிர்ச் சோறு, இளநீர் ஆகியவை ஏற்றவை. முறுக்கும் கருவாடும் காத்திருக்கட்டும். புகையிலையை எவ்வடிவிலும் தொடலாகாது. புகை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஒட்டுப் பிடிப்பது கடினமாகும். புகை பிடிப்பவருக்கு அதை விட்ட பிறகே செய்வோம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

எல்லோருக்கும் இது பலிக்குமா? இதற்கு விடை, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவேயுள்ள எலும்பில் இருக்கிறது. வெறும் வேர் ஒட்டுக்கு இரத்தம் தராது. பாறைமேல் விரித்த புல்லுக்குச் சுற்றியுள்ள மண்ணே ஈரம் தரவேண்டும். இரு பக்கமும் எலும்பும் ஈறும் குன்றாது நின்று, முன்புறம் மட்டும் இறங்கியிருந்தால் வேரை முழுவதும் மூட இயலும். நடு எலும்பு ஓரளவு கரைந்திருந்தால் ஒரு பகுதிதான் மூடும். மிகவும் கரைந்து பல் ஆடத் தொடங்கியிருந்தால் மூடுவதற்கு வழியில்லை. மில்லர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் 1985-ல் இதை நான்கு வகுப்புகளாகப் பிரித்தார். முரட்டுத் துலக்கலால் இறங்கிய ஈறு பெரும்பாலும் நல்ல வகுப்பில் சேரும். காரையாலும் நோயாலும் இறங்கியதோ பலவேளைகளில் பின் வகுப்புகளில் சேரும். ஆகையால், காலத்தோடு வருபவருக்கே இச்சிகிச்சை முழுப் பயன் தரும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. தாமாக நிறுத்தவும் கூடாது.

வேர் தெரிகிற ஒவ்வொருவருக்கும் ஒட்டு அவசியம் என்று நாம் கூறவரவில்லை. அறுபது வயதில் ஈறு சிறிது இறங்கி, கூச்சமோ வேறு தொல்லையோ இல்லாதிருப்பவர் மிருதுவான பிரஷுக்கு மாறினாலே போதும். கூச்சம் மட்டும் இருந்தால் அதற்கான பற்பசையும், மருத்துவர் பூசும் புளோரைடு பூச்சும் உண்டு. நம் கோரைப்பல்லைப் பார்த்த மருத்துவரும் கத்தியைத் தொடவில்லை. நம் பிரஷை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

சங்கு குளிப்பவரின் கதைக்கு வருவோம். அவரை ஈறு நோய் மருத்துவத்தில் பட்டம் பெற்ற ஒருவரிடம் அனுப்பினோம். நிழற்படம் எடுத்துப் பார்த்ததில், ஒரு பல்லின் இருபுறத்து எலும்பும் நன்றாக இருந்தது. மற்றதில் ஒரு புறம் சற்றுக் கரைந்திருந்தது. பற்களின் உட்புறத்தில் காரை. ஈறோ பிறவியிலேயே மெல்லியது. போதாக்குறைக்கு நாள்தோறும் பீடி. முதலில் காரையை எடுத்தார்கள். பீடியை நிறுத்தினால்தான் அடுத்த பேச்சு என்றும் சொல்லிவிட்டார்கள். வைகாசி முழுவதும் அவர் அதனோடு மல்லாடினார். அவர் மனைவியின் காவலும் உடன் இருந்தது. ஒட்டுக்குரிய நாளைக் குறிப்பதில்தான் சிக்கல். குறைந்தது ஆறு வாரம் குழாயைக் கவ்வக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. ஆடிக் காற்றில் கடல் கலங்கி, சங்கு குளிக்க ஏதுவற்ற நாட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வில் வீட்டுக் கூரையைச் சரிசெய்வதுபோல, விவசாயிகளும் இதற்கு அத்தகைய நாட்களைக் குறிக்கலாம். அப்படியும் சில வாரக் கூலி போயிற்று. மனைவியின் மகளிர் சுய உதவிக் குழுவில் பெற்ற கடன் அதனை ஈடுகட்டியது.

"ஈறு வலிக்கல ஐயா, மேல்வாய்தான் ஒரு வாரம் தீயாய் எரிஞ்சுது" என்று பின்னர் அவர் கூறினார். ஒரு பல்லின் வேர் முழுவதும் மூடிவிட்டது. மற்றதில் ஒரு நெல்முனை அளவு இன்னும் தெரிகிறது. அதுவும் மருத்துவர் முன்கூட்டியே சொன்னதுதான். ஐப்பசியில் அவர் கடலுக்குத் திரும்பினார்.

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளியிலிருந்து 100 கஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதையும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டம் உங்கள் தெருப் பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வட்டார மருத்துவ அலுவலருக்குத் தீர்மானம் அனுப்பி, உப்பளங்களிலும் மீன் இறங்கு தளங்களிலும் பல் பரிசோதனை முகாம் கேட்கலாம். முகாமைக் காலை ஏழு மணிக்கு முன்போ மாலையிலோ வைக்க வேண்டும். நண்பகலில் வைத்துவிட்டுத் தொழிலாளர் வரவில்லை என்று அறிக்கை எழுதுவதில் பயனில்லை; இதை அனுபவத்தில் கூறுகிறோம். பல்லைப் பிடுங்கச் சொல்லப்பட்டவர் எவராயினும், பிடுங்குமுன் அது ஆடுகிறதா, எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளட்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் காட்டலாம். ஒட்டுச் சிகிச்சைக்கு ஈறு நோய் மருத்துவர் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளை நாட வேண்டியிருக்கலாம். 1953-ல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவற்றுள் ஒன்று.

சனவரி 26 கிராம சபைக்கு அந்தத் தொழிலாளி மறுபடியும் வந்தார். தம்மோடு தொழில் செய்யும் இருவரை உடன் அழைத்து வந்திருந்தார். ஒருவருக்கு வயது 28, மற்றவருக்கு 41. இருவருக்கும் இப்போதைக்குக் காரை எடுக்க மட்டுமே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.